கிரிஸ்டலினைக் காட்டும் எதிர்ப்பொருள் எதைக் காட்டுகிறது?

உலர்ந்த இரத்தக்கறை மனிதனுடையதா, மாட்டினுடையதா என்று முயலின் சீரத்தைக் கொண்டே சொல்லிவிடலாம் என 1901-இல் காட்டியவர் ஜெர்மனியைச் சேர்ந்த பால் உலென்ஹூத். குற்ற வழக்குகளின் விசாரணையில் அந்தச் சோதனை விரைவிலேயே இடம்பிடித்தது. அதே உத்தியை அவர் விழிலென்ஸில் முயன்றபோது விடை தலைகீழாக வந்தது. மாட்டு லென்ஸின் புரதத்தை முயலுக்குச் செலுத்தி எடுத்த சீரம், மற்றப் பாலூட்டிகளின் லென்ஸோடும், பறவைகள், நீர்நில வாழ்வன ஆகியவற்றின் லென்ஸோடும் வீழ்படிவு தந்தது. மாட்டின் சொந்த இரத்தத்தோடு தரவில்லை. இரத்தத்தில் இனத்தைப் பிரித்துக் காட்டிய முறை, லென்ஸில் இனத்தைப் பொருட்படுத்தாமல் உறுப்பைக் காட்டியது. 1903-இல் வெளியான அந்த முடிவிலிருந்து ஒரு கேள்வி தொடங்குகிறது: லென்ஸ் புரதத்துக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் உண்மையில் எதை அடையாளம் காண்கிறது?

லென்ஸின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம். நீரில் கரையும் பகுதியில் சுமார் 90 சதவீதம் கிரிஸ்டலின்கள். மனிதரில் ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று பெரும் பிரிவுகள் உண்டு. இன்று கண்புரையை ஆராய்பவர்கள் மட்டுமல்ல, மூளை, இதயத்தசை, மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றை ஆராய்பவர்களும் இவற்றைத் தேடி, ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்களை விலைக்கு வாங்குகிறார்கள். சிறு குழாயில் ஒட்டிய சீட்டு ஒரு புரதத்தின் பெயரைச் சொல்கிறது. புரதங்களைப் பிரித்து எதிர்ப்பொருளால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஒரு பட்டை தெரிகிறது. அந்தப் பட்டை எதற்குச் சாட்சி என்ற கேள்விக்கான விடை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. எதிர்ப்பொருள்களின் தரம் உயர்ந்தது அதற்கு ஒரு காரணம். கிரிஸ்டலின் என்றால் என்ன என்ற கருத்தே மாறிக்கொண்டிருந்தது அதைவிடப் பெரிய காரணம்.

உறுப்பை அறிந்த சீரம்

உலென்ஹூத்தின் முடிவு தந்த முதல் விடை எளிமையானது: எதிர்ப்பொருள் லென்ஸைக் காண்கிறது. லென்ஸின் புரதம் வேறெங்கும் இல்லாதது என்ற எண்ணம் இதனால் வலுப்பட்டது. கருவளர்ச்சியில் லென்ஸ் வெகு சீக்கிரமே ஓர் உறைக்குள் அடைபட்டுவிடுவதால், நோயெதிர்ப்பு மண்டலம் அதைப் பார்த்ததே இல்லை, ஆகவே அதை அந்நியமாகக் கருதும் என்ற விளக்கமும் கூடவே வளர்ந்தது. வெர்ஹோஃபும் லெமாய்னும் 1922-இல், உறை கிழிந்த லென்ஸைச் சுற்றி எழும் கடும் அழற்சிக்கு அந்நோயாளிகளின் லென்ஸ் புரத ஒவ்வாமையே காரணம் என்றார்கள். ‘மறைந்திருக்கும் ஆன்டிஜென்’ என்ற கருத்துக்குப் பாடநூல்கள் நெடுங்காலம் லென்ஸையே எடுத்துக்காட்டாக வைத்திருந்தன.

இந்த நிலைப்பாட்டில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, அன்றைய சீரங்கள் ஒரு புரதத்துக்கு எதிரானவை அல்ல. மோர்னர் 1894-இல் லென்ஸ் புரதங்களை ஆல்ஃபா, பீட்டா என்று பிரித்துக் காட்டியிருந்தார். ஆனாலும் முயலுக்குள் போனது பல புரதங்களின் கலவை. வீழ்படிவு வராவிட்டால் அந்தப் புரதம் இல்லை என்று பொருளல்ல, அந்தச் சோதனைக்கு எட்டும் அளவில் இல்லை என்றுதான் பொருள். மற்றொன்று, கண்நோய் எதுவும் இல்லாதவர்களின் இரத்தத்திலும் லென்ஸ் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பது 1960-களில் தெரியவந்தது. முழுமையாக மறைந்திருக்கும் பொருளுக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் செய்வது எப்படி? லென்ஸின் தனிமை அவ்வளவு முழுமையானதல்ல என்ற ஐயம் அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழுந்தாலும், தகுந்த சான்று கிடைக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

வளரும் கண்ணில் முதல் தடம்

இடைப்பட்ட காலத்தில் கருவியல் ஆய்வாளர்கள் கேள்வியை வேறு பக்கம் திருப்பினார்கள். லென்ஸா இல்லையா என்பதைவிட, ஓர் உயிரணு எந்தக் கணத்தில் லென்ஸ் ஆகிறது என்பதே அவர்களுக்கு முக்கியம். நெதர்லாந்தின் டென் காட்டேயும் வான் டோரன்மாலனும் 1950-இல் கோழி, தவளைக் கருக்களில் லென்ஸ் புரதங்களின் முதல் தோற்றத்தை வீழ்படிவுச் சோதனையால் தேடினார்கள். ஒளிரும் சாயம் கட்டிய எதிர்ப்பொருள்கள் வந்தபின் தேடல் தனித்தனி உயிரணு வரை போயிற்று. நியூட் என்னும் நீர்நில வாழ் உயிரியின் லென்ஸை அகற்றினால் கருவிழித்திரையின் மேல் விளிம்பிலிருந்து புது லென்ஸ் முளைக்கும். நிறமி நிறைந்திருந்த உயிரணுக்களில் கிரிஸ்டலின்கள் தலைகாட்டும் கட்டத்தை யமாதாவின் குழு 1960-களில் இந்த முறையில் பதிவுசெய்தது. மெக்கவாய் 1978-இல் எலிக்கருவில், ஆல்ஃபா முன்னதாகவும், பீட்டாவும் காமாவும் உயிரணுக்கள் நீளத் தொடங்கி இழைகளாகும்போதும் தோன்றுவதைக் காட்டினார். இன்றும் வளர்ப்புக் கலத்தில் லென்ஸ் இழை உருவாகிவிட்டதா என்று அறிய காமா எதிர்ப்பொருளைத்தான் பலர் நாடுகிறார்கள்.

இதன் பலவீனம் குடும்பச் சாயல். காமா கிரிஸ்டலின் மரபணுக்கள் ஒன்றிலிருந்து ஒன்று பெருகியவை. அவற்றின் புரதங்களின் அமினோ அமில வரிசை மிக நெருங்கியது. ‘காமா தோன்றியது’ என்று, பல எதிர்ப்பொருள்கள் கலந்த ஒரு பாலிக்ளோனல் சீரம் சொன்னால் எந்தக் காமா என்று அதனால் சொல்ல முடியாது. கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் தந்த மோனோக்ளோனல் முறை இதைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஓரளவே தீர்த்தது: ஒரே இடத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளும், அந்த இடம் உடன்பிறப்புகளுக்கெல்லாம் பொதுவாக இருந்தால் எல்லாரையும்தான் பற்றும்.

1989-க்குப் பின்

லென்ஸின் தனியுரிமை 1989-இல் முடிந்தது. லாஸ் ஏஞ்சலஸில் சூரஜ் பட்டும் நாகினேனியும் ஆல்ஃபா-பி கிரிஸ்டலின் இதயம் முதலான லென்ஸ் அல்லாத திசுக்களிலும் இருப்பதாக அறிவித்தார்கள். அதே ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இவாகி, கோல்ட்மேன் குழுவினர் அலெக்சாண்டர் நோய் கண்ட மூளையில் குவியும் ரோசந்தால் இழைகளிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து ஆராய்ந்தார்கள். அதுவும் ஆல்ஃபா-பி தான். இந்த இரண்டாவது ஆய்வுக்கு ஒரு தனி வலிமை உண்டு. அங்கே முதலில் பேசியது புரதத்தின் வரிசை. எதிர்ப்பொருள் அதன் பின்னால் வந்தது. மூளையில் லென்ஸ் புரதம் என்பதை எதிர்ப்பொருள் மட்டும் சொல்லியிருந்தால், குறுக்கு வினை என்று ஒதுக்கித் தள்ளுவது எளிதாக இருந்திருக்கும்.

விளக்கத்தின் முதல் நுனி ஏற்கெனவே கையில் இருந்தது. பழ ஈயின் நான்கு சிறு வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் பாலூட்டிகளின் ஆல்ஃபா கிரிஸ்டலினுக்கு உறவு என்று இங்கோலியாவும் கிரெய்கும் 1982-இலேயே எழுதியிருந்தார்கள். கிளெமன்ஸ் குழு 1991-இல் ஆல்ஃபா-பியைச் சிறு வெப்ப அதிர்ச்சிப் புரதங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஜோசஃப் ஹார்விட்ஸ் 1992-இல், ஆல்ஃபா கிரிஸ்டலின் சிதையும் புரதங்களைத் தாங்கிப்பிடிக்கும் சாப்பரோன் என்று காட்டினார். மனிதரில் இந்தக் குடும்பத்தில் பத்து உறுப்பினர்கள்; ஆல்ஃபா-ஏ நான்காவது, ஆல்ஃபா-பி ஐந்தாவது. ஆக, ஆல்ஃபா-பி எதிர்ப்பொருளின் கறை அழுத்தத்துக்கு ஆளான உயிரணுவின் அடையாளமாகவும் வாசிக்கப்படலாயிற்று. மார்பகப் புற்றுநோயின் ஒரு வகையில் 2006 முதல் அதற்கு, மோசமான நோய்ப்போக்கின் அடையாளம் என்ற மூன்றாவது வாசிப்பும் வந்தது.

குறுக்கு வினையைக் குற்றமாக மட்டும் பார்க்கும் வழக்கம் இங்கேதான் சரிவரவில்லை. ஆல்ஃபா-ஏயும் ஆல்ஃபா-பியும் ஏறத்தாழ 57 சதவீதம் ஒரே வரிசை கொண்டவை. ஒன்றுக்கு எதிரான சீரம் மற்றதையும் தொட்டால், அது அவற்றின் பொது மூதாதையின் தடயம். வாத்தின் எப்சிலான் கிரிஸ்டலின் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு. 1987-இல் விஸ்டோ, மல்டர்ஸ், டி யோங் மூவரும் அது லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியேதான் என்று காட்டினார்கள். அதன் எதிர்ப்பொருள் வாத்தின் இதயத்திலும் வினைபுரிந்தால், அது சொல்வது உண்மைதான். எதிர்த்திசையிலும் பொறி இருக்கிறது. கங்காருவின் லென்ஸில் மியூ கிரிஸ்டலின் ஏராளம். மனிதரில் அதன் இணை, தைராய்டு ஹார்மோனைப் பற்றும் புரதம், லென்ஸின் கட்டுமானத்தில் அதற்குப் பங்கில்லை. பட்டியலில் கிரிஸ்டலின் என்று போட்டிருப்பதை நம்பி அந்த எதிர்ப்பொருளை மனிதக் கண்புரை ஆய்வுக்கு வாங்குபவருக்குக் கிடைப்பது வெறும் ஏமாற்றம்.

சாப்பரோனே சாட்சியைக் கலைத்தபோது

இந்தத் துறையின் மிகச் சிக்கலான தகராறு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயைச் சுற்றியது. நெதர்லாந்தின் வான் நூர்ட் குழு 1995-இல், நோயாளிகளின் நரம்புறையிலிருந்து பிரித்த ஆல்ஃபா-பிக்கு டி-உயிரணுக்கள் வலுவாக எதிர்வினை காட்டுவதாக வெளியிட்டது. உடல் தன் மீதே தொடுக்கும் தாக்குதலில் ஆல்ஃபா-பி ஓர் இலக்கு என்ற கருத்து பரவியது. நோயாளிகளின் சீரத்தில் அதற்கு எதிரான எதிர்ப்பொருள்களும் தேடப்பட்டன. 2007-இல் ஸ்டான்ஃபோர்டு குழு வேறு படம் வரைந்தது: இந்தப் புரதம் இல்லாத எலிகளுக்கு நோய் கடுமையாகிறது, புரதத்தைக் கொடுத்தால் தணிகிறது.

அதே வட்டாரத்திலிருந்து 2011-இல் ரோத்பார்ட் குழு வைத்த வாதம் சோதனை முறையின் அடித்தளத்தையே அசைத்தது. ஆல்ஃபா-பி ஒரு சாப்பரோன். பிற புரதங்களைப் பற்றிக்கொள்வது அதன் தொழில். சீரத்திலுள்ள இம்யூனோகுளோபுலினும் ஒரு புரதம்தான். தட்டில் பூசிய ஆல்ஃபா-பியின் மேல் நோயாளியின் எதிர்ப்பொருள் ஒட்டினால், எதிர்ப்பொருள் அதை அடையாளம் கண்டதா, அல்லது ஆல்ஃபா-பி எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டதா? தன்தாக்கு இலக்கு என்ற பட்டம் இதற்குத் தவறாக, இந்தச் சாப்பரோன் இயல்பாலேயே கிடைத்தது என்பது அவர்கள் முடிவு.

விவகாரம் அத்தோடு முடியவில்லை. 2023-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா குழு, எப்ஸ்டீன்-பார் வைரஸின் ஒரு புரதத்துக்கும் ஆல்ஃபா-பிக்கும் பொதுவான ஒரு குறுந்துண்டை முன்வைத்து, இரண்டையும் பற்றும் எதிர்ப்பொருள்கள் நோயாளிகளிடம் கூடுதலாக இருப்பதாகக் காட்டியது. முழுப் புரதத்தின் ஒட்டும் இயல்பு வரிசையை மட்டும் கொண்ட சிறு துண்டுக்கு இராது என்பதால், பழைய ஆட்சேபம் இங்கே அதே வலுவோடு பொருந்தாது. ஆனாலும் அந்த எதிர்ப்பொருள்கள் நோயை உண்டாக்குகின்றனவா, நோயோடு கூட வருகின்றனவா என்பது வேறு கேள்வி.

விழித்திரைக்கு வந்தது எப்படி?

கண்ணுக்குள்ளேயே இன்னொரு வழக்கு நடக்கிறது. எலியின் விழித்திரையில் ஆல்ஃபா, பீட்டா, காமா மூன்று பிரிவுகளும் வெளிப்படுவதாக உஷா ஆண்ட்லி உள்ளிட்ட குழு 2003-இல் விரிவாக எழுதியது. காயம், இரத்த ஓட்டத் தடை, நரம்புச் சிதைவு என்று எது நேர்ந்தாலும் விழித்திரையில் கிரிஸ்டலின் அளவு ஏறியிறங்குவதாகத் தொடர்ந்து கட்டுரைகள் வந்தன. பீட்டா-பி2 விழித்திரை நரம்பணுக்களின் அச்சிழை மீண்டும் வளரத் துணைபுரிகிறது என்று 2007-இல் ஒரு ஜெர்மானியக் குழு சொன்னது. விழித்திரையின் அடியில் படியும் ட்ரூசனிலும் கிரிஸ்டலின்கள் கிடைத்தன. நரம்பைக் காக்கும் புரதங்களாக இவற்றைப் பார்க்கும் அணி இப்படி வளர்ந்தது.

அதே 2007-இல் நெதர்லாந்தின் காம்ப்ஹுயிஸ் குழு எழுப்பிய சந்தேகம் மிகச் சாதாரணமானது, அதனால்தான் கூர்மையானது. எலியின் கண்ணில் லென்ஸ் மிகப் பெரியது. விழித்திரையைப் பிரித்தெடுக்கும்போது லென்ஸின் பொருள் அதில் ஒட்டிக்கொள்ள நிறைய வாய்ப்பு உண்டு. இரத்த ஓட்டத் தடைக்குப் பின் தெரிந்த கிரிஸ்டலின் ‘மாற்றங்கள்’, லென்ஸிலிருந்து மாதிரிக்குள் வந்து கலந்த தூது ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளால் விளைந்திருக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். அவர்கள் அளந்தது ஆர்.என்.ஏ.; ஆனால் புரதத்துக்கு இந்தத் தர்க்கம் இன்னும் கடுமையாகப் பொருந்தும். கிரிஸ்டலின் லென்ஸில் குவிந்து கிடக்கும் அளவுக்கு, ஒட்டிய சிறு துணுக்கு ஒன்றே வெஸ்டர்ன் பிளாட்டில் நல்ல பட்டையைத் தந்துவிடும். அந்தப் பட்டை போலியானதல்ல என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை. எதிர்ப்பொருள் குற்றமற்றது, புரதம் அசல். புரதம் வந்த இடம் மட்டும் வேறு. எதிர்ப்பொருளை எத்தனை முறை சரிபார்த்தாலும் இந்தப் பிழை பிடிபடாது.

இரு தரப்பையும் எடைபோட்டால், ஆல்ஃபா-பி விழித்திரையில் இருப்பதை மறுப்பது கடினம். திசுவெட்டில் குறிப்பிட்ட உயிரணுக்களுக்குள்ளேயே கறை தெரிவதும், லென்ஸுக்கு வெளியே பல இடங்களில் அது இருப்பதும் அதற்குத் துணை. பீட்டா, காமா பற்றிய கூற்றுகள், அதிலும் திசுவை அரைத்துச் செய்த அளவீடுகள், அந்த உறுதியைப் பெறவில்லை. உயிரணுவுக்குள் இருப்பிடம் காட்டாத எந்தப் பட்டையையும் இந்தத் துறையில் பாதிச் சான்றாகவே கொள்வது நல்லது.

முதுமையும் எபிடோப்பும்

லென்ஸின் நடுப்பகுதியிலுள்ள புரதம் பிறப்பையொட்டி உருவாகி, மாற்றப்படாமல் ஆயுள் முழுக்க இருக்கிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் 2008-இல் மனித லென்ஸின் கிரிஸ்டலினைக் கதிரியக்கக் கார்பன் முறையில் அளந்து இதை உறுதிசெய்தார்கள். எழுபது, எண்பது ஆண்டுகளில் அந்தப் புரதம் நறுக்கப்படுகிறது, சர்க்கரை ஒட்டுகிறது, குறுக்கே பிணைகிறது. எதிர்ப்பொருள் பற்றுவதோ சில அமினோ அமிலங்கள் கொண்ட எபிடோப் என்ற சிறு இடத்தை மட்டும்.

ஒரு முரண் இங்கே உண்டு. ஆல்ஃபா-ஏயையும் பியையும் பிரித்தறிய, வரிசை நன்கு வேறுபடும் வால்முனையின் துண்டுகளைக் கொண்டு எதிர்ப்பொருள் செய்வது வசதியானது. ஆனால் முதிரும் லென்ஸில் முதலில் தேய்வதும் அந்த வால்தான். ஆல்ஃபா-ஏயின் கடைசி செரின் உதிர்ந்த வடிவம் மனித லென்ஸில் மிகச் சாதாரணம். எனவே முதியவரின் லென்ஸில் கறை மங்கினால், புரதம் குறைந்ததா, வால் போனதா, பிணைந்த திரளுக்குள் எபிடோப் புதைந்ததா என்று மூன்று விளக்கங்கள் நிற்கின்றன. அடர்ந்த நடுப்பகுதிக்குள் எதிர்ப்பொருள் ஊடுருவவே சிரமப்படும் என்பது நான்காவது. எதிர்மாறாக, கூடுதல் பட்டை எல்லாம் பிழையும் அல்ல. எலிகளின் ஆல்ஃபா-ஏ, 23 அமினோ அமிலங்கள் கூடிய இன்னொரு வடிவத்திலும் உருவாகிறது. பீட்டா-ஏ3, ஏ1 இரண்டும் ஒரே மரபணுவின் இரண்டு தொடக்கப் புள்ளிகளிலிருந்து வருபவை.

மாற்றத்தையே இலக்காக்கிய ஆய்வாளர்களும் உண்டு. ஜப்பானின் ஐச்சியில் காட்டோ குழு 1997-இல் ஆல்ஃபா-பியின் 19, 45, 59-ஆம் செரின்களில் பாஸ்பேட் ஏறியதைத் தனித்தனியே காணும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு, எந்த அழுத்தத்துக்கு எந்த இடம் மாறுகிறது என்று வரைந்தது. நோரிகோ ஃபுஜியின் குழு முதிய லென்ஸின் ஆல்ஃபா-ஏயில் அஸ்பார்ட்டிக் அமிலம் கண்ணாடிப் பிம்ப வடிவத்துக்கு மாறும் இடங்களைக் கண்டறிந்து, அந்த வடிவத்துக்கே எதிர்ப்பொருளும் செய்தது. இவை நேர்த்தியானவை. ஆனால் இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைக் காணும் எதிர்ப்பொருள், உருவில் ஒத்த வேறெதையும் காண்பதில்லை என்று நிறுவுவதுதான் பெரும்பாடு.

சரிபார்ப்பு என்னும் தனித் துறை

எதிர்ப்பொருள்களின் நம்பகம் பற்றிய பொதுக் கவலை கடந்த பத்தாண்டுகளில் உரக்கக் கேட்டது. பிராட்பரியும் புளுக்தூனும் நூற்றுக்கும் மேற்பட்ட சகாக்களின் ஒப்பத்தோடு 2015-இல், வரிசை தெரிந்த மறுகூட்டு எதிர்ப்பொருள்களுக்கு மாறவேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு உலேன் தலைமையிலான குழு ஐந்து வழிகளை முன்மொழிந்தது: மரபணுவை நீக்கிப் பார்ப்பது, எதிர்ப்பொருள் சாராத முறையோடு ஒப்பிடுவது, வேறிடம் பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருள், அடையாளம் கட்டிய புரதம், பிடித்ததை நிறை நிறமாலையால் ஆராய்வது. மான்ட்ரியலை மையமாகக் கொண்ட ஒரு முயற்சி 65 புரதங்களுக்கான 614 எதிர்ப்பொருள்களை மரபணு நீக்கிய உயிரணுக்களில் சோதித்து 2023-இல் வெளியிட்டது. தன் இலக்கையே காணாத எதிர்ப்பொருள்களின் தரவு, ஒரு புரதத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு கட்டுரைகள் அளவில் இடம்பெற்றிருந்தது.

இவற்றில் மரபணு நீக்கமே தலைசிறந்தது என்பது பொதுக் கருத்து. கிரிஸ்டலின் துறையில் அதற்கும் ஓர் அடிக்குறிப்பு வேண்டும். அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தில் பிராடி குழு 2001-இல் உருவாக்கிய ஆல்ஃபா-பி இல்லாத எலிகளில், முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கும் பக்கத்து மரபணுவான எச்.எஸ்.பி.பி.2-வும் சேர்ந்தே போயிற்று. அதுவும் சிறு வெப்ப அதிர்ச்சிப் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த எலியின் தசையில் பட்டை மறைந்தால், எதிர்ப்பொருள் ஆல்ஃபா-பியை மட்டுமே கண்டுவந்தது என்று அதைக்கொண்டு சாதிக்க முடியாது. இரண்டும் இல்லாத இடத்தில் இரண்டில் எது காணப்பட்டது என்று யார் சொல்வது? எலியின் லென்ஸ் அப்போதும் தெளிவாகவே இருந்தது. எலும்புத்தசை மட்டும் வயதோடு சிதைந்தது. அந்தச் சிதைவில் எந்த மரபணுவுக்கு எவ்வளவு பங்கு என்பதும் இதே சிக்கலில் மாட்டியது.

இன்னும் திறந்திருப்பவை

நிறை நிறமாலை இந்த வேலையை முழுவதும் ஏற்றுக்கொள்ளுமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கெவின் ஷேயின் குழு லென்ஸ் வெட்டின் மேலேயே நிறை நிறமாலைப் படம் எடுத்து, நறுக்குண்ட ஆல்ஃபா-ஏயின் வடிவங்கள் வயதுக்கேற்பப் பரவும் விதத்தைக் காட்டியிருக்கிறது. வால் போனதா புரதம் குறைந்ததா என்ற குழப்பம் அங்கே எழுவதில்லை. ஆனால் தனி ஓர் உயிரணுவுக்குள் இருப்பிடம் சொல்வதில், வளரும் கருவில் சில உயிரணுக்களை மட்டும் பிடிப்பதில், எதிர்ப்பொருளே இப்போதைக்கு வசதியானது. விழித்திரையின் பீட்டா, காமா பற்றிய தகராறு இரண்டும் சேர்ந்தால்தான் நகரும் போலிருக்கிறது.

தமிழகத்தோடு தொடர்புள்ள ஒரு நிகழ்வும் இந்தத் திறந்த பட்டியலில் இருக்கிறது. பிறவிக் கண்புரை உள்ள தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்த சென்னைப் பல்கலைக்கழகமும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும், ஜெர்மனியின் யோகன் கிராவோடு சேர்ந்து, காமா-டி கிரிஸ்டலினின் 23-ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் திரியோனின் வரும் மாற்றத்தை 2002-இல் அறிவித்தன. இந்த மாற்றம் புரதத்தின் மடிப்பைப் பெரிதாகக் குலைப்பதில்லை, கரைதிறனை மட்டும் வெகுவாகக் குறைக்கிறது என்று பின்னர் வந்த உயிர்வேதி ஆய்வுகள் காட்டின. இந்த நோய் உள்ளவரின் லென்ஸில் இயல்பான காமா-டியும் மாறிய காமா-டியும் அருகருகே இருக்கும். முழுப் புரதத்துக்கு எதிராகச் செய்த எதிர்ப்பொருள் இரண்டையும் பொதுவாக ஒன்றுபோலவே காணும். படிந்த திரளில் இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன, மாறியது இயல்பானதையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறதா என்று அறிய, அந்த ஓர் அமினோ அமிலத்தை மட்டும் பிரித்துக் காணும் எதிர்ப்பொருளோ, திரளை நேரடியாக நிறை நிறமாலைக்கு உட்படுத்தும் அளவீடோ தேவை.